ஊசியை மாற்றாமல் துணியை வெட்டி என்ன பயன்?

கேள்வி: எங்க அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ல புற்றுநோய். கரண்ட் வெச்சு, மருந்தும் ஏத்தி, கட்டி கரைஞ்சிருச்சுன்னு அனுப்பினாங்க. ரெண்டு வருசத்துல திரும்ப வந்திருச்சு. கரைஞ்சது எப்படிங்க திரும்ப வரும்?
(செக்கிங் பிரிவுத் தொழிலாளி, அனுப்பர்பாளையம்)

நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி கெட்டால் துணி நெடுகக் கோடு விழும் என்பது உங்களுக்குத் தெரியும். கோடு விழுந்த இடத்தையெல்லாம் செக்கிங்கில் வெட்டி எறியலாம். ஊசியை மாற்றாதவரை அடுத்த ரோலிலும் கோடு வரும். புற்றுக்கட்டிக்குள் பெரும்பாலான செல்கள் சில தடவை பெருகி ஓய்ந்துவிடும். கொஞ்சம் செல்கள் மட்டும் தன்னைப்போல் இன்னொன்றையும் உண்டாக்கும், கட்டிக்கு வேண்டிய மற்ற செல்களையும் உண்டாக்கும். இவற்றைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். இவை மெதுவாகப் பெருகுபவை. கதிர்வீச்சும் கீமோவும் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் முதலில் சாய்க்கின்றன. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் இவற்றில் அதிகம். உடைந்த மரபணு இழையை ஒட்டிக்கொள்ளும் திறனும் அதிகம். ஸ்கேனில் கட்டி மறைந்த பிறகும் சில செல்கள் தப்பியிருக்கலாம் என்பது அதனால்தான். உங்கள் அக்கா செய்த தவறு எதுவும் இதில் இல்லை. அதை அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: புற்றுநோய் ஸ்டெம் செல் என்பது நிரூபணமான உண்மையா, வெறும் கருதுகோளா?
(கல்லூரி மாணவி, பல்லடம்)

பாதி நிரூபணம், மீதி வழக்கு. 1997இல் டொராண்டோவில் ஜான் டிக் குழு ரத்தப் புற்றுநோயில் இத்தகைய செல்களைப் பிரித்துக் காட்டியது. 2003இல் மார்பகப் புற்றுநோயிலும் இருப்பதாக அமெரிக்காவில் காட்டினார்கள். கர்ப்பப்பை வாய் விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே வேலை நடந்தது. பெங்களூரு என்சிபிஎஸ் ஆய்வு நிலையத்தில் சுதிர் கிருஷ்ணாவின் குழு, சிடி66 என்ற அடையாளம் தாங்கிய செல்கள் இந்த நோயை முன்னேறச் செய்வதையும், ‘நாட்ச்’ என்ற சமிக்ஞைப் பாதை அதற்குத் துணைபோவதையும் 2011இல் வெளியிட்டது.

வழக்கு எங்கே என்றால், சாதாரணப் புற்றுச்செல்லே நெருக்கடியில் ஸ்டெம் செல்லாக மாறிக்கொள்ளக்கூடும் என்கிறார்கள். ஊசி உவமை அங்கே நின்றுவிடுகிறது. கோடு விழுந்த துணி கெட்ட ஊசியாக மாறுவதில்லை. இந்தச் செல்களை மட்டும் குறிவைத்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

கேள்வி: பையன் பிறந்தப்ப தொப்புள்கொடி ஸ்டெம் செல்லைப் பணம் கட்டிச் சேமிச்சோம். அதை வெச்சு எனக்கு வந்திருக்கிற இந்தப் புற்றுநோயைக் குணமாக்கலாமா?
(அவிநாசி)

முடியாது. அது ரத்தம் உண்டாக்கும் செல், இது புற்று உண்டாக்கும் செல். ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று யாராவது இந்த நோய்க்குப் பணம் கேட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: சாயத் தண்ணியாலதான் நம்ம ஊர்ப் பொண்ணுகளுக்கு இது வருதுங்களா?
(சாயப்பட்டறை முன்னாள் தொழிலாளி, வீரபாண்டி)

நொய்யலைச் சாயம் கெடுத்ததும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் உண்மை. ஆனால் இந்த நோய்க்குக் காரணம் வேறு: எச்பிவி என்ற வைரஸ். 1983இல் ஜெர்மனியின் ஹெரால்ட் சுர் ஹவுசன் குழு இந்தப் புற்றில் எச்பிவி 16 வகையைக் கண்டுபிடித்தது. 2008இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆற்றுக்கு நியாயம் கேட்பதை விட வேண்டாம். அந்தக் கோபத்தில் வைரஸை மறந்துவிடவும் வேண்டாம்.

கேள்வி: உடலுறவு மூலமா வர்ற வைரஸ்னு சொல்றாங்க. நான் என் வீட்டுக்காரரைத் தவிர யாரையும் தெரியாதவள். எனக்கு வந்திருச்சுன்னா ஊர் என்ன பேசும்?
(பெயர் வேண்டாம், பெருமாநல்லூர்)

ஊர் பேசுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை அம்மணி. கல்யாணமான பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு தடவையாவது தொடும் வைரஸ் இது. ஆண்களிடம் சத்தமே இல்லாமல் இருக்கும். ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே துரத்திவிடும். சிலருக்குத்தான் தங்கி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் புற்றாகிறது. ஆகவே இது ஒழுக்கத்துக்கான சான்றிதழ் அல்ல. உங்களைப்போல் பயந்து பரிசோதனைக்கே போகாத பெண்களைத்தான் இந்த நோய் முற்றிய நிலையில் பிடிக்கிறது.

கேள்வி: ஸ்டெம் செல்லுக்கு மருந்து இல்லை என்கிறீர்கள். பின் எங்களைப்போல் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுபவர்களுக்கு இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?
(ஓவர்லாக் டெய்லர், காங்கயம் ரோடு)

கட்டி வந்த பிறகு ஸ்டெம் செல்லைத் துரத்துவது கஷ்டம். அது எங்கே பிறக்கிறது என்பது ஏறக்குறையத் தெரியும், லாபம் அங்கேதான். கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைத் தோல் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. கருவிலிருந்தே மிஞ்சிய ஒரு சிறு செல் கூட்டம் அந்தச் சந்திப்பில் இருப்பதையும், இந்தப் புற்று பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புவதையும் 2012இல் பாஸ்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிரம் குழு வெளியிட்டது. அந்த வளையம் கண்ணால் பார்க்கக்கூடிய இடம். நர்ஸ் வினிகர் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறிப்போன இடம் வெளுத்துக் காட்டும். தேவைப்பட்டால் குளிரூட்டியே அதை அழித்துவிடலாம். அறுவை கிடையாது, படுக்கை கிடையாது.

இது பலிக்குமா என்று கேட்டால், தாராபுரம் தாண்டி ஒட்டன்சத்திரத்துப் பக்கம் இருக்கும் அம்பிளிக்கையைக் காட்டுவேன். 2000இல் தொடங்கி, அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதைச் செய்தன. பயிற்சி பெற்ற நர்சுகள்தான் பார்த்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததை 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. நம் பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் உலகத்துக்குக் கொடுத்த பாடம் இது.

அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நாட்டின் சராசரி 1.9 என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேர்க்கைக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் நேரே மகளிர் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஹாஸ்டல்ல இருக்கிற சின்னப் பொண்ணுகளுக்குத் தடுப்பூசி போடலாமா?
(வார்டன், ஊத்துக்குளி)

போடலாம். சின்ன வயதில், வைரஸ் தொடும் முன் போட்டால் பலன் அதிகம். 26 வயது வரை போடுகிறார்கள். 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ்கூட நல்ல காப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. புனேயின் சீரம் நிறுவனத் தடுப்பூசி ‘செர்வாவாக்’ 2022இல் அனுமதி பெற்றது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். ஊசி போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்க கம்பெனில பெண்கள்தான் அதிகம். எல்லாரையும் பரிசோதனைக்கு அனுப்பினால் லைன் நின்னுடுமே?
(பனியன் கம்பெனி மேலாளர்)

எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு லைனிலிருந்து நாலு பேர், அரை ஷிப்ட், கூலியைப் பிடிக்காமல். பீஸ் ரேட்டில் ஓடும் பெண்ணுக்கு அந்த அரை ஷிப்ட் காசுதான் தடை, பயம்கூட அடுத்ததுதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். ஷிப்மெண்ட் முடிந்த வாரத்தில் பக்கத்து நிலையத்து நர்சைப் பார்த்து நாள் குறியுங்கள். 30 வயது தாண்டிய பெண்களின் பட்டியல் உங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது.