கழுகுமலை டூர்

கேள்வி: மதுரையில் ஒரு செமஸ்டர் படிக்க வந்த அமெரிக்க மாணவர்கள், சனி, ஞாயிறில் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வருகிறார்கள். என்ன காட்டலாம்?

பதில்: வெயில் ஏறுமுன் கழுகுமலைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். வெட்டுவான் கோவில், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டார்கள். அசைன்மென்ட் முடிக்காத பிள்ளைகளுக்கு இதைவிட ஆறுதல் ஏது? 1,200 வருஷமாக யாரும் மார்க் குறைக்கவில்லையே! விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிப்பதை மறக்காமல் காட்டுங்கள். குருவே கச்சேரிக்கு உட்கார்ந்துவிட்ட இடம்.

அப்புறம் கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பல்லுக்கு உத்தரவாதம் அதில் சேர்த்தி இல்லை. முக்கியமாக, மழை பெய்திருந்தால் காட்டுக்குள் இறங்க விடாதீர்கள். செருப்பை வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தருகிற மண் நம் கரிசல்.