ஃபைல் சார்

வீடு தீப்பிடித்தால் ஃபைல் சார் முதலில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்பதில் அவர் மனைவிக்குத் துளியும் சந்தேகம் இல்லை. "அந்தப் பச்சைப் பையைத்தான். அப்புறம் ஞாபகம் வந்தா என்னையும் கூப்பிடுவாரு" என்பார்.

ஏதோ ஜவுளிக்கடையில் கொடுத்த பை அது. பட்டா, சிட்டா, வில்லங்கம், வீட்டு வரி ரசீது, ஈ.பி. கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் டி.சி., அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு. ஸ்மார்ட் ரேஷன் கார்டு 2017-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி உப்பிப்போன பழைய கார்டை அவர் தூக்கிப் போடவில்லை. "எப்ப எதைக் கேப்பான்னு சொல்ல முடியாது தம்பி." ஃபோட்டோவும் பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ் என்று தனித்தனிக் கவரில். கூடவே ஸ்டேப்ளர், கோந்து, ஒரு பச்சை மைப் பேனா. நம் நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்று அரசாங்கம் இறங்கி வந்தபிறகும் அவர் கெசட்டட் ஆபீசரைத் தேடித்தான் போவார். "என் கையெழுத்தை நானே நம்பினா எப்படி?"

ஃபைல் சாருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று. அரசாங்கம் வைத்த பெயர்கள் நான்கு. ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால் நிற்கிறது, ஆதாரில் பின்னால் நிற்கிறது, வாக்காளர் அட்டையில் காணவே காணோம். பான் கார்டில் அது விரிந்து அப்பாவின் முழுப்பெயராகவே ஆகிவிட்டது. பேங்கிலிருந்து போன் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். "அவரு போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க" என்று ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டார். கணக்கை முடக்காமல் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் திருத்தலாம். ஒன்றைச் செலவழித்துவிட்டார். மற்றதை ஆபத்துக்காலத்துக்கு என்று வைத்திருக்கிறார்.

இணைப்பு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேங்கோடு ஆதார், கேஸோடு ஆதார், பானோடு ஆதார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2022 கடைசியில் ஈ.பி. நம்பரோடும் ஆதாரை இணைக்கச் சொன்னபோது தெருவே அலறியது. அவர் மட்டும் மத்தியானமே முடித்துவிட்டுத் தூங்கினார். இன்னும் இணைப்புச் சான்று இல்லாதது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல் வந்தது. இவர்கள் கல்யாணம் அதற்கு வெகுகாலம் முந்தியது. முன்ஜாக்கிரதையாகக் கல்யாணப் பத்திரிகை நாலு பிரதி பையில் வைத்திருக்கிறார். மொய் நோட்டும் இருக்கிறது.

எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது என்றால் சிரிப்பார். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழுக்குப் போடலாம். மனு வி.ஏ.ஓ.வுக்குப் போய், ஆர்.ஐ.க்குப் போய், தாசில்தாருக்குப் போகும். "போகும்தான். ஆனா போகுதுன்னு நாம நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லணும்." அவர் கண்ட சூத்திரம் இது: "கம்ப்யூட்டர்ல போட்டா அது மனு. பிரிண்ட் எடுத்தா பேப்பர். அந்தப் பேப்பரைக் கையில கொண்டுபோய்க் கொடுத்தாத்தான் தம்பி, அது வேலை."

மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது அப்பாவின் போனில் டிஜிலாக்கரைப் போட்டுக் கொடுத்தாள். இனிமேல் பையே வேண்டாம், இதில் இருப்பது சட்டப்படி அசலுக்குச் சமம் என்று விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவள் ஊருக்குப் போன மறுநாளே டிஜிலாக்கரில் இருந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து பையில் சேர்த்துவிட்டார். ஆதாரில் இருப்பதும் மகளின் நம்பர்தான். ஓ.டி.பி. அங்கே போகும், அவள் மீட்டிங்கில் இருப்பாள், பத்து நிமிஷத்தில் அது செத்துப்போகும்.

பென்ஷன்காரர் ஆதலால் ஆண்டுக்கொரு முறை தான் சாகவில்லை என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டும். அதற்கும் 2014 முதல் டிஜிட்டல் வழி இருக்கிறது; மெஷினில் விரலை வைத்தால் போதும். கொத்துக்கொத்தாகக் காகிதம் புரட்டியே அவர் ரேகை தேய்ந்துவிட்டது. பத்து விரலையும் வைத்துப் பார்த்த பையன் பரிதாபமாகச் சொன்னான்: "சார், நீங்க வந்திருக்கீங்க, ஒத்துக்கறேன். ஆனா மெஷின்ல வரலையே."

இத்தனை அடிபட்டவர் அரசாங்கத்தைத் திட்டுவார் என்று பார்த்தால், இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவரே அரசாங்கமாகிவிட்டார். திண்ணையில் ஒரு மேஜை போட்டு, தெருவாரின் மனுக்களைக் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுக்கிறார். மகளுக்கு வரன் கொண்டுவந்தவர்கள் ஜாதகத்தை நீட்டியபோது, "இது ஜெராக்ஸ் மாதிரி இருக்கே, அசல் எங்கே?" என்று கேட்டவர் அவர்.

போன வாரம் பட்டா மாற்றம் பற்றிக் கேட்கலாமென்று நானும் போனேன். மணி ஒன்றே கால். தலையைத் தூக்காமலே, "சாப்பாட்டு நேரம், மூணு மணிக்கு வாங்க" என்றார். மூன்று மணிக்குப் போனேன். "ரெண்டு ஃபோட்டோ, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தீங்களா?"

"எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்? எதிர்வீடுதானே நான்?"

கண்ணாடியை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதிர்வீடுன்னு சொல்றீங்க. சரி. அதுக்கு அட்ரஸ் ப்ரூஃப் இருக்கா?"