கர்த்தரும் மைக் செட்டும்

எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்துக்கு என்னை ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பதவிக்குத் தகுதி இரண்டு: வாலிபன் என்று சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு முடி கொட்டியிருக்க வேண்டும்; கமிட்டித் தேர்தலில் நிற்கிற அளவுக்குத் தைரியம் இருக்கக் கூடாது.

இளம் தலைவர்களுக்கு அனுதினமும் கர்த்தரைச் சார்ந்திருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் பொறுப்பாம். பயல்கள் ஏற்கெனவே சார்ந்துதான் இருக்கிறார்கள். எந்தெந்த விஷயத்தில் என்பதில்தான் சிக்கல்.

“வாலிபர் ஞாயிறுக்கு மைக் செட் சொல்லியாச்சா தம்பி?”

“கர்த்தர் பாத்துக்குவாரு அண்ணாச்சி.”

“நாற்காலி?”

“கர்த்தர் பாத்துக்குவாரு.”

“போன வருஷக் கணக்கு?”

இதற்கு மட்டும் பொருளாளர் தம்பி பதில் சொல்லாமல் மேலே பார்த்தான். சரி, பாடல் வேளையை யார் நடத்துவது, பேனரில் யார் படம் எவ்வளவு பெரிசாக வருவது, இதையும் அவரிடமே விட்டுவிடலாமே என்றேன். “அதெல்லாம் நாங்களே பேசி முடிச்சிட்டோம் அண்ணாச்சி!”

இவர்களுக்கு ஜார்ஜ் முல்லர் என்றால் உயிர். முகாமுக்கு வருகிற செய்தியாளர்கள் தவறாமல் சொல்லுகிற கதைதான்: பிரிஸ்டல் நகரத்து அநாதை இல்லம், மேசையில் காலித் தட்டுகள், ஸ்தோத்திரம் சொல்லி முடித்ததும் ரொட்டிக்காரர் கதவைத் தட்டுகிறார். 1836-இல் இல்லத்தைத் தொடங்கிய முல்லர், தம் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார். எந்த மனிதரிடமும் காசு கேட்கவில்லை, கடனும் வாங்கவில்லை. அதே முல்லர் வரவு செலவைச் சில்லறை வரைக்கும் எழுதி வைத்து, அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார் என்பதை மட்டும் எந்தச் செய்தியாளரும் சொல்லக் காணோம். சொன்னேன். பொருளாளர் தம்பி மறுபடியும் மேலே பார்த்தான்.

மனிதரிடம் கேட்பதில்லை என்ற கொள்கை எங்களிடமும் உண்டு. கர்த்தரிடம்தான் கேட்கிறோம், மைக்கில், ஹார்டுவேர் கடை முதலாளி முன்வரிசையில் வந்து உட்கார்ந்த பிறகு. “ஆண்டவரே, ஜெனரேட்டர் வாடகை நாலாயிரத்தை இங்கே அமர்ந்திருக்கிற யாராவது ஒருவருடைய உள்ளத்தில் ஏவியருளும்.” மைக் பிடித்த தம்பி கண்ணை மூடித்தான் ஜெபிக்கிறான், ஒரு கண்ணை.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருகிறவன் செயலாளர் தம்பிதான். எதையும் யாரிடமும் விடமாட்டான், கர்த்தரிடமும் சேர்த்து. எல்லாம் எக்செல்லில் இருக்கும். அதில் ‘ஜெபம் - 5 நிமிடம்’ என்று ஒரு வரி உண்டு. நிகழ்ச்சி தாமதமானால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஆள் கெட்டிக்காரன், சோர்வும் கோபமும் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.

“காலையில முழங்கால் போடுறியாப்பா?”

“வாரக் கடைசியில மொத்தமாச் சேத்துப் பண்ணிருவேன் அண்ணாச்சி.”

யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு ஓமர் மன்னா, அன்றன்றைக்கு. நாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவன் வீட்டில் விடிந்ததும் புழு, நாற்றம். வெயில் ஏறினால் தரையில் கிடப்பதும் உருகிப் போகும். பத்து மணிக்கு எழுந்திருக்கிறவனுக்கு வனாந்தரத்தில் பட்டினிதான். நாற்பது வருஷமும் இதே கதை, வழி நெடுக ஒரு களஞ்சியம் கிடையாது. தம்பி கவனமாகக் கேட்டான். “ஆறாம் நாள்ல ரெண்டு மடங்கு எடுத்தாக் கெடலைன்னு போட்டிருக்கே அண்ணாச்சி? அப்போ வெள்ளிக்கிழமை ரெண்டு மடங்கு ஜெபிச்சா...”

கெட்டிக்காரர்களுக்கு வேதபாடம் எடுப்பதில் இதுதான் தொல்லை.

நம்ம களக்காட்டுப் பக்கம் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிப் பிறகு சொன்னேன். பிள்ளைகளைக் காப்பாற்ற ஊர் ஊராக ஓடியவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். எந்த எக்செல்லிலும் அப்படி ஒரு வரி இருந்திருக்காது. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் வந்தன, பிள்ளைகளின் இல்லமும் நின்றுவிடவில்லை. தம்பி லேப்டாப்பை மூடினான். ஐந்து நிமிடம்தான், ஆனாலும் மூடினான்.

அந்தச் சூட்டோடு பதினெட்டாம் அதிகாரத்துக்குப் போனேன். மன்னா விழுவதைக் கண்ணால் பார்த்த அதே மோசே, இரண்டே அதிகாரம் தள்ளி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லார் வழக்கையும் தாமே தீர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமனார் எத்திரோ வந்து, இப்படியே போனால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், வேலையைப் பிரித்துக் கொடும் என்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் செயலாளருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை; அதனால் மாமனார் வேலையையும் நானே பார்த்தேன்.

அடுத்த வாரம் புதுப் பட்டியல் வந்தது. மெய்யாகவே பிரித்துக் கொடுத்திருந்தான். பாடல் வேளை வேறொரு தம்பிக்கு, கணக்கு ஒரு தங்கச்சிக்கு, ஜெபத்துக்கு அரை மணி நேரம். சந்தோஷமாக வாசித்துக்கொண்டே கீழே வந்தேன். கடைசி வரி: ‘மைக் செட், நாற்காலி, ஜெனரேட்டர் வாடகை - ஆலோசகர் அண்ணாச்சி.’

“எப்படிப்பா இது?”

“ஜெபத்துல உங்க பேரைத்தான் உணர்த்துனாரு அண்ணாச்சி.”