ஆயிரம் சீட்டு, நாற்பதாயிரம் கை

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். சனியன் ஒழிந்தது என்றிருந்தோம். 2024 அக்டோபரில் அது கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, ஆஸ்திரேலிய அரசு முத்திரையோடு எங்கள் ஊர் சாகுபுரத்துக்கே திரும்பி வந்தது. சீட்டு விலை 25 ஆஸ்திரேலிய டாலர். பரிசு: ஓராண்டு அந்த நாட்டில் ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கலாம். 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா என்று பெயர். இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 1,000 இடம்.

எங்கள் அடுத்த தெருத் தம்பி பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். அவன் அப்பா ஆறுமுகநேரியில் உப்பளத் தொழிலாளி. மூவரும் உட்கார்ந்து விதிகளைப் படித்தோம். வயது 18 முதல் 30 வரை, சரி. பள்ளிக்கு மேல் இரண்டாண்டுப் படிப்பு, சரி. ஆங்கிலம், சமாளிப்பான். கையில் 5,000 காட்ட வேண்டும் என்றேன். அப்பா முகம் மலர்ந்தது.

"அஞ்சாயிரந்தானே? அதான் கவர்மெண்டு தருதே அண்ணாச்சி!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தானுக்கும் ஹாலிடேதான், ஒர்க் மட்டும் கிடையாது. அந்த மூன்று மாதத்துக்குத் தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. ஆஸ்திரேலியா கேட்டது 5,000 டாலர், அதாவது இரண்டேமுக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். விமான டிக்கெட் தனி. சீட்டு விழுந்தால் விசாக் கட்டணம் அப்போது 650 டாலர், அதுவும் தனி. கணக்கைக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "லீவுக்குப் போறவன் எதுக்கு வேலை பாக்கணும்? வேலைக்குப் போறவன் எதுக்கு லீவுன்னு பொய் சொல்லணும்?" தில்லியில் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனது.

முதல் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 40,000 பேர் பதிந்தார்கள் என்று ஆஸ்திரேலியாவின் உதவி அமைச்சர் மாட் திசில்த்வெயிட் சொன்னார். பெருக்கிப் பாருங்கள்: 10 லட்சம் டாலர், ஒரு விசாகூடக் கொடுக்கும் முன்னால். விழாத சீட்டுக்குப் பணம் திரும்பாது. எங்கள் கடற்கரைக்கு இது புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் சர்க்கார் சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடும், ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று. எடுத்தவன் அழுகவிட்டு, நாற்றம் பொறுத்து, துழாவுவான். முத்து இருந்தால் அவன் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் சர்க்காரின் பணம் சர்க்காரிடமே இருக்கும். மூச்சடக்கி முங்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பியாவது கிடைத்தது. எங்கள் தம்பிக்கு அந்தக் கூறும் இல்லை.

இனி வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்ப்போம். பிரிட்டன் இளைஞனுக்கு இதே ஆஸ்திரேலியாவில் குலுக்கல் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது, 35 வயது வரை போகலாம். இரண்டாம் ஆண்டும் தங்க வேண்டுமானால் பட்டிக்காட்டில் மூன்று மாதம் பழம் பறிப்பது போன்ற வேலை செய்தாக வேண்டும் என்றொரு விதி உண்டு. 2024 ஜூலையிலிருந்து பிரிட்டிஷ்காரருக்கு அதுவும் தள்ளுபடி. நம் பிள்ளை பறிக்கத்தான் வேண்டும். குலுக்கல் என்கிற மரியாதை அப்போது மூன்று நாட்டாருக்கு மட்டும்: சீனா, வியட்நாம், நாம். அதிலும் சீனாவுக்கு 5,000 இடம்.

இந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? 2022 ஏப்ரல் 2-இல் கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து. அதே ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலிய நிலக்கரிக்கு நாம் சுங்கவரியை முதல் நாளே நீக்கினோம். கரிக்கு வயது வரம்பு உண்டா? ஆங்கிலத் தேர்வு உண்டா? வங்கிக் கணக்கைக் காட்டு என்று எவனாவது கேட்டானா? டன் கணக்கில் கரி வரலாம். ஆள் போக மட்டும் குடுக்கையில் சீட்டுக் குலுக்க வேண்டும். இதைத்தான் இளைஞர்களுக்குக் கதவு திறந்ததாகத் தில்லியில் மேளம் கொட்டினார்கள். நாற்பதில் ஒருவன் நுழையும் சந்துக்குக் கதவு என்று பேர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

எங்கள் ஊரின் பேரையே பாருங்கள். குஜராத்தின் த்ராங்கத்ராவிலிருந்து கம்பெனி வந்தது. முதலாளிகளான சாகு ஜெயின் குடும்பத்தின் பேரில் இது சாகுபுரம் ஆயிற்று. முதலீடு எந்த ஊருக்கும் போய், அந்த ஊருக்குத் தன் பேரையே வைத்துவிட்டுத் திரும்பலாம். வெள்ளைக்காரன் காலத்தில் இதே மாவட்டத்திலிருந்து கூலியாகக் கொழும்புக்குக் கப்பலேறியவனுக்குக் கழுத்தில் ஒரு தகர டிக்கெட்டும் தலையில் கங்காணிக் கடனும் கிடைத்தன. அவனைக் கப்பலேற்றிய பாவிகள்கூட அதை விடுமுறை என்று சொல்லி ஏமாற்றவில்லை.

தம்பிக்குச் சீட்டு விழவில்லை. 25 டாலரைத் தன் கார்டில் கட்டியவர் தோகாவிலிருக்கும் அவன் மச்சான். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் கட்டட வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர். 'ஹாலிடே' என்றால் அவருக்கு அதுதான் அர்த்தம்.

அடுத்த தேர்தலில் ஆறுமுகநேரிப் பக்கம் யாராவது மைக் பிடித்து, உங்கள் பிள்ளைகளுக்கு உலகத்தையே திறந்துவிட்டோம் என்றால், கை தட்டாதீர்கள். பிள்ளைக்காகக் கட்டிய 25 டாலரைத் திருப்பிக் கேளுங்கள், அன்றைய நாணய மதிப்பில், ரூபாயாகவே.