பாரிவாக்கத்துச் சக்கர விசாரம்

கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக் கொடியைக் கண்டு மனமிரங்கிய பாரி வள்ளல், ஏறி வந்த தேரை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கால்நடையாக ஊர் திரும்பினான் என்று பள்ளிக்கூடத்தில் நாமெல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அத்தருணத்தில் அந்தத் தேரின் சக்கரங்கள் எந்த ஸ்திதியில் இருந்தன என்று எந்த வாத்தியாரும் நமக்குச் சொன்னதில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்வதே இவ்விசாரத்தின் பிரயோஜனம். ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே பாரிவாக்கம் என்றோர் ஊர் இருப்பதும், அதை அடுத்த பூவிருந்தவல்லியை ஜனங்கள் பூந்தமல்லி என்று மல்லியில் கொண்டுபோய் முடிப்பதும் தற்செயல் என்று ஒப்புக்கொள்ள என் ஆராய்ச்சி மனம் இடந்தரவில்லை. பாரியின் பறம்பு மலை சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலையன்றோ, முல்லை வேறு மல்லி வேறன்றோ என்று பண்டிதர்கள் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபிக்கட்டும். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த தேருக்குச் சக்கரம் தேயாமல் இருந்திருக்குமா? புதுச் சக்கரத்தின் விலையை விசாரித்த அரசன், மறுவார்த்தை பேசாமல் தேரையே தானம் செய்துவிட்டான் என்பதுதான் என் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் எனக்கு நூலகத்தில் உதித்ததன்று. என் காரின் நான்கு டயர்களும் ஏககாலத்தில் மொட்டையாகிவிட்ட ஒரு காலை நேரத்தில், பாரிவாக்கம் சந்திப்பில், லாரிகளுக்கு நடுவே நின்றபோது உதித்தது. என் வாகனத்தையும் தானம் செய்துவிடலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஏற்பதற்கு ஒரு கொடிகூட அகப்படவில்லை.

இவ்வட்டாரத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள பந்தம் சாமானியமானதன்று. பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரங்களை வளைத்துத் தருகிறது. அம்பத்தூரில் 1959 இல் டன்லப் டயர் ஆலை எழுந்து பின்னாளில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் 1946 இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., ரப்பருக்குள் காற்றை அடைக்கும் அந்தப் பாலபாடத்திலிருந்தே டயருக்கு வந்து சேர்ந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையோ, காற்றடைத்த டயர் என்னும் சம்சாரமே வேண்டாமென்று, இரும்புச் சங்கிலியில் ஓடும் டாங்கிகளைச் செய்து தப்பித்துக்கொண்டது. ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் இன்று டயர் ஆலைகள் இருக்கின்றன. டியூபும் டயரும் வேறுவேறென்பது துவைதம். இரண்டில்லை, ஒன்றே என்னும் டியூப்லெஸ் அத்வைதம். பழைய உடம்பின்மேல் புது ரப்பரை ஒட்டும் ரீட்ரேடிங்கை விசிஷ்டாத்வைதம் என்று சொல்லலாமா என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இத்தனை ஆலைகள் சூழ்ந்த ஊரில் டயர் மலிவாகக் கிடைக்கும் என்று நம்புவது, சமுத்திரக் கரையில் உப்பை இனாமாகக் கேட்பதை ஒக்கும்.

மலிவைத் தேடிப் புறப்பட்ட எனக்குக் குருவாக வாய்த்தவர், சாலையோரத்துப் பஞ்சர் கடைக்காரர். வேறொரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்ததென்று நான் பெருமையுடன் உருட்டி வந்த ஒற்றை டயரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அதன் விலாவை மட்டும் வாசித்தார்.

“சார், பட்டனைப் பார்த்து ஏமாந்துட்டீங்க. தேதியைப் பாருங்க.”

பட்டன் என்று அவர் சொன்னது தரையைத் தொடும் ரப்பர் மேடுகளை. டயரின் விலாப்புறம் ஒரு ஜாதகம் என்பதை அன்றுதான் அறிந்தேன். 165/80 ஆர் 14 என்று எழுதியிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர். விலாவின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 80, அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் சண்டையின்றிக் குடித்தனம் செய்வதை வேறெங்கும் நான் கண்டதில்லை. அதன்பின் வரும் 85, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்கிறது; டி என்னும் எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதிக்கிறது; பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மாலை நேரத்து நெரிசலில் அந்த அனுமதியை வாசிப்பது ஓர் இன்பம். இவற்றுக்கெல்லாம் அப்பால், ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் ஒளிந்திருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருஷம். நான் வாங்கி வந்ததில் 3118 என்றிருந்தது. 2018 ஆம் வருஷத்தின் 31 ஆவது வாரத்தில் பிறந்து, தரையையே தொடாமல், கடைப் பரணில் ஏழு வயதைக் கடந்த நித்திய பிரம்மசாரி. ரப்பர் ஓடித்தான் கெடவேண்டுமென்பதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவும் வெயிலும் பட்டுப்பட்டு, சும்மா கிடந்தே இறுகி வெடிக்கும். பத்து வருஷம் ஆன டயரை, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், கழற்றிவிட வேண்டுமென்று உற்பத்தியாளர் பலரே சொல்கிறார்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும், பள்ளத்துக்குள் உள்ள குறுக்கு மேடு மேற்பரப்போடு சமமாகி, ஆயுள் முடிந்ததென்று தானே சொல்லிவிடும். வயதோ அப்படிச் சொல்வதில்லை. ஆகவே டயரின் விலையை அதன் மிச்ச ஆயுளால் வகுத்துப் பார்ப்பவனுக்கே மலிவு இன்னதென்று தெரியும். என் பாதி விலை டயர், வகுத்துப் பார்த்தபோது, முழு விலையையும் தாண்டிற்று.

சக்கரத்தின் கதை இதனினும் சூக்ஷ்மமானது. ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் அலாய் வீல்கள் வெள்ளிப் பாத்திரங்கள்போல் மின்னுகின்றன. எங்கள் தெரு இளைஞர் ஒருவர், அழகில் மயங்கி, மேலே சொன்ன 14 அங்குலச் சக்கரத்தை நீக்கி 195/45 ஆர் 16 பூட்டிக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முன்னது 620 மில்லிமீட்டர் உயரம், பின்னது 582. கார் 19 மில்லிமீட்டர் தாழ்ந்தது. வேகமானி நூற்றுக்கு ஆறரை வீதம் கூடுதலாகப் பொய் சொல்லத் தொடங்கியது. முதல் மழையில், தண்ணீருக்கடியில் மறைந்திருந்த முதல் பள்ளமே ரிம்மை வளைத்துவிட்டது. 185/65 ஆர் 15 பூட்டியிருந்தால் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருக்கும். போல்ட் வட்டப் பொருத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 மில்லிமீட்டர் வட்டத்துக் காருக்கு 114.3 வட்டத்துச் சக்கரத்தைப் பேசி முடித்தால், கல்யாணம் பந்தலோடு நின்றுவிடும். நான் என் இரும்புச் சக்கரங்களையே தட்டி நிமிர்த்தி, வண்ணம் பூசிக்கொண்டேன்.

இறுதியாக ஸ்டெப்னி. வேல்ஸ் தேசத்து லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904 இல் தோன்றிய உபரிச் சக்கரத்தின் பெயர் அது. இன்று நம் டிக்கிகளில் சுகமாக வாழ்கிறது. குருவின் உபதேசப்படி நான்கு புது டயர்களை, தேதி பார்த்து, வாரம் பார்த்து, கைவிளக்கைப் பிடித்து உள் விலாவையும் வாசித்து வாங்கினேன். ஐந்தாவதுக்குப் பணம் போதவில்லை. என் ஸ்டெப்னியில் பட்டன் இன்னும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. விலாவில் 1114 என்று எழுதியிருக்கிறது.