சகலையின் பொதுச் சாவி

பெங்களூரில் கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் சகலைக்கு ஒரு பட்டா நகலைக்கூட சும்மா அனுப்பிவிட முடியாது. மாமனார் வீட்டை விற்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போடட்டுமா என்று கேட்டேன். "என்கிரிப்ட் பண்ணி அனுப்புங்க சகலை, காலம் கெட்டுக் கிடக்கு" என்றார். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சகலைகளுக்குள் சொல்லக் கூடாத விஷயங்கள் சில உண்டு.

அவர் பரிந்துரைத்த முறைக்குப் பிஜிபி என்று பெயர். ஃபில் ஸிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991-இல் எழுதி வெளியிட்டது. திறந்த பூட்டை ஊருக்கெல்லாம் இனாமாகக் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொள்வது போன்ற ஏற்பாடு. பூட்டுக்குப் பெயர் பொதுச் சாவி; அதைக் கொண்டு யாரும் பூட்டலாம், ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டுமே திறக்கலாம். வலுவான குறியாக்கம் அன்றைக்கு அமெரிக்காவில் ஆயுதப் பட்டியலில் இருந்ததால், அதை வெளிநாட்டுக்குக் கடத்திவிட்டார் என்று அரசாங்கம் 1993 முதல் 1996 வரை ஸிம்மர்மனை விசாரித்தது. கடைசியில் வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஆயுதம் என்றது சரிதான். அது யார்மேல் பாயும் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

சகலையின் பொதுச் சாவி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அவர் அனுப்பும் தீபாவளி வாழ்த்தில்கூட அது அட்டாச்மென்ட்டாகத் தொங்கிக்கொண்டு வரும். கோப்புகளை இணைத்து, பூட்டுப் படத்தை அழுத்தி, 'அனுப்பு' என்றேன். பெறுநரின் சாவி காலாவதியாகிவிட்டது என்றது மென்பொருள். போன் போட்டேன்.

"காலாவதியா? போன மாசமே நீட்டிச்சுட்டேனே. இங்க 2028-னு காட்டுது."

"இங்க முடிஞ்சு போச்சுன்னு காட்டுது."

"உங்க சாஃப்ட்வேர் தப்பு."

இந்த வகைச் சண்டையில் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். சாவியின் ஆயுளை அவர் நீட்டித்தது அவர் கணினியில். என்னிடம் இருப்பது பழைய நகல். அதற்குள் பழைய தேதி. புது நகல் வந்து சேரும்வரை என் கணினிக்கு அவர் போய்ச் சேர்ந்தவர்தான். இதை அவரே கண்டுபிடித்துத் தனக்கே விளக்கிக்கொள்ளும்வரை நான் பொறுமையாக 'ம்' கொட்டினேன். பிறகு புதுச் சாவியை அனுப்பினார்.

திறந்து பார்த்தேன். 'பிகின் பிஜிபி பிரைவேட் கீ பிளாக்' என்று தலையில் கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தச் சாவியை உயிர் போனாலும் யாரிடமும் தரக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாரோ, அந்த ரகசியச் சாவி. விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அதைத் தொடாதீங்க. டெலீட் பண்ணுங்க. ட்ராஷையும் காலி பண்ணிடுங்க. வீட்ல சொல்லாதீங்க."

வீட்டில் சொல்லாமலா? ஆனால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அல்மா விட்டன், டைகர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக 12 பேரை உட்காரவைத்து, 90 நிமிடத்தில் ஒரு ரகசிய மெயிலைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் தங்கள் பூட்டையே போட்டு, தாங்கள் மட்டுமே திறக்கும்படி அடுத்தவருக்கு அனுப்பினார்கள். 2012 டிசம்பரில் கிளென் கிரீன்வால்ட் என்ற பத்திரிகையாளருக்குப் பிஜிபி போட்டுக்கொள்ளச் சொல்லி ஓர் அநாமதேய மெயில் வந்தது. வழிமுறை எழுதி, வீடியோவும் எடுத்து அனுப்பியும் அவர் போடவில்லை. அலுத்துப்போன அந்த ஆள் லாரா பாய்ட்ரஸ் என்ற ஆவணப்பட இயக்குநரிடம் போனார். அந்த ஆள் எட்வர்ட் ஸ்னோடன். அமெரிக்காவின் உளவு ரகசியமே பூட்டுக்காக வாசலில் காத்துக் கிடந்தபோது, எங்கள் வீட்டுப் பத்திரம் எம்மாத்திரம்?

கெட்டுப்போன சாவியை ரத்து செய்துவிட்டுச் சகலை புதுச் சாவி உண்டாக்கினார். அதை என் கணினியில் சேர்த்ததும் கேள்வி வந்தது: இவரை ஏற்கிறீர்களா? நிராகரிக்கிறேன்; இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்; ஏற்கிறேன், ஆனால் சரிபார்க்கவில்லை; நேரிலேயே சரிபார்த்துவிட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி, "பெண் பார்க்க வந்தப்ப எங்கப்பாவுக்கு இப்படி நாலு பட்டன் இருந்திருந்தா" என்று பெருமூச்சு விட்டாள். எந்த மாப்பிள்ளையைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

சரிபார்ப்பது என்றால், சாவியின் கைரேகை எனப்படும் 40 எழுத்துகளைப் போனில் ஒருவர் படிக்க, மற்றவர் ஒத்துப்பார்க்க வேண்டும். எண்கள் போக, அதில் வரும் ஆங்கில எழுத்துகள் ஏ முதல் எஃப் வரை ஆறுதான். அந்த ஆறில் பி, சி, டி, ஈ நான்கும் போனில் ஒரே சத்தம். சமையலறையில் குக்கர் வேறு.

"பி."

"டியா?"

"பி! பவானி!"

"சரி, பவானி."

"ஒன்பது, திண்டுக்கல், திண்டுக்கல், ஈரோடு, நாலு, சிதம்பரம்…"

ரயில்வே அறிவிப்பைப் போலச் சீராகப் போய்க்கொண்டிருந்தது. எஃப் வந்ததும் வண்டி நின்றது. எஃப்-இல் தொடங்கும் ஊர் இருவருக்கும் தோன்றவில்லை. "ஃபோர்ட் ஸ்டேஷன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதன்பின் தடையில்லை.

மெயில் போனது. சற்று நேரத்தில் பதிலும் வந்தது, முறைப்படி பூட்டப்பட்டு. கடவுச்சொல் கொடுத்துத் திறந்தேன். உள்ளே ஒரே வரி: 'கிடைத்தது, நன்றி.'

இந்த முறையில் ஒரு சங்கதி உண்டு. மெயிலின் உடல்தான் பூட்டுக்குள் போகும். யார், யாருக்கு, எந்தத் தேதி என்பதெல்லாம் வெளியில்தான். இப்போது சில மென்பொருள்கள் தலைப்பை மட்டும் சேர்த்துப் பூட்டுகின்றன. சகலை பயன்படுத்துவது அந்த ரகம் இல்லை. வழியில் உள்ள எல்லா சர்வர்களும் வாசிக்கும்படி அவர் வைத்திருந்த தலைப்பு: 'மாமா வீடு – 70 லட்சத்துக்குக் கீழ இறங்க வேண்டாம் – மச்சானுக்கு இப்போ தெரிய வேண்டாம்.'