ஹானா சாலையில் ஸ்டீயரிங் பிடித்தவர்

ஹவாய்த் தீவுகளில் பரப்பளவில் இரண்டாவது பெரியது மாவி. அதன் வடகிழக்குக் கரையை ஒட்டி, கஹுலுயி நகரிலிருந்து ஹானா என்ற சிற்றூருக்குப் போகிறது ஹானா நெடுஞ்சாலை. தூரம் சுமார் 84 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி வழியில் சுமார் 620 வளைவுகளும் 59 பாலங்களும் உண்டு. பாலங்களில் 46 ஒற்றை வழிப் பாலங்கள். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று காத்திருந்தே ஆகவேண்டும். சராசரி பார்த்தால் 135 மீட்டருக்கு ஒரு வளைவு வருகிறது. இதற்கு நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தவர்கள் இதில் கார் ஓட்டியிருக்க வாய்ப்பில்லை.

வழிகாட்டியோ டிரைவரோ இல்லாமல், வாடகைக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, நினைத்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே போவதுதான் இந்தச் சாலையில் பெரும்பாலோர் மேற்கொள்ளும் பயணம். இதில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். காருக்கு வாடகை கட்டியவர், கிரெடிட் கார்டு கொடுத்தவர், ஒரு மாதமாக இணையத்தில் அருவிப் படங்களைப் பார்த்து ஏங்கியவர் யாரோ, அவரே ஓட்டுபவராகவும் அமைவது வழக்கம். ஆக, பயணத்தில் அதிக ஆசை வைத்தவருக்கே குறைந்த காட்சி கிடைக்கிறது. இந்த முரண்பாடு இதுவரை தீர்க்கப்படவில்லை.

முதலில் அருவிகளைப் பற்றி. வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக் காற்று, கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து 3,055 மீட்டர் உயரமுள்ள ஹலேயாகலா எரிமலையில் மோதுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து, மலையின் அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. அதனால் ஹானா பக்கம் அடர்ந்த காடு. மலையின் மறுபுறமான தென்மேற்குக் கரையில் வெயில் காயும். பெரிய ஹோட்டல்கள் வெயில் பக்கம்தான் இருக்கின்றன. மழையைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெயிலில் தங்கி, விடியற்காலையில் எழுந்து, மழையைத் தேடிப் போய்விட்டு இரவுக்குள் வெயில் ஊருக்கே திரும்புகிறார்கள்.

இந்தத் தண்ணீரின் மீது சுற்றுலாவுக்கு முன்பே கண் வைத்தது கரும்பு. 1870களில் தொடங்கி, கிழக்கு மாவியின் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, வறண்ட சமவெளித் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். கரும்பு போய்விட்டது, தீவின் கடைசி சர்க்கரை ஆலை 2016இல் மூடப்பட்டது. ஹானாவுக்குச் சாலை வந்து சேர்ந்தது 1926இல். அதற்கு முன் ஹானாவுக்குக் கடல் வழியாகப் போவதே சுலபம். கப்பலில் போனவர்களுக்கும் தலை சுற்றியிருக்கும் என்பதால், சாலையால் பெரிய மாற்றம் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

பயணம் கார் வாடகைக் கடையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். சென்னையிலோ கோவையிலோ ஓட்டிப் பழகியவர் வலப்பக்கத்துக்குச் சீக்கிரமே பழகிவிடுவார். பழக மறுப்பது கைதான். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலக்கையில். அங்கே அது இடக்கையில். ஆகவே திரும்ப நினைக்கும் ஒவ்வொரு முறையும் வைப்பர் ஆடத் தொடங்கும். வெயில் அடிக்கும் கஹுலுயியில் வைப்பர் ஆடும் கார் எல்லோர் கண்ணிலும் படும். ஹானா பக்கம் போய்விட்டால் எப்படியும் மழை பெய்யும் என்பதால் கௌரவம் காப்பாற்றப்படுகிறது.

வழிகாட்டி இல்லாத குறையைப் போக்க, மொபைலில் இறக்கிக்கொள்ளும் ஆடியோ வழிகாட்டிகள் உண்டு. கார் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். மூலம் அறிந்து, அந்தந்த இடத்தில் தானாகவே பேசும். வழியில் பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது; ஆனால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை நம்பி இயங்குவதால், முன்கூட்டியே எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தால் குரல் நிற்காது. அதை நிறுத்தவேண்டிய நேரத்திலும் நிற்காது. அடுத்த வளைவு தாண்டி வலப்புறம் அருவி, நிறுத்த இடம் உண்டு என்று அது சொல்லும்போது, காருக்குள் மதியச் சாப்பாடு பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கும். விவாதம் முடிவதற்குள் அருவி பின்னால் போயிருக்கும். வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. "சரி விடு, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்பதுதான் இந்தச் சாலையின் தேசிய கீதம்.

குழப்பத்துக்கு அரசாங்கமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. கஹுலுயியில் தொடங்கும் சாலைக்கு எண் 36. ஏறத்தாழ 16 மைல் போனதும் அதே சாலை 360 என்று எண் மாறி, மைல் கற்களும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. ஏழாம் மைலில் ஒரு மரம் இருக்கிறது என்று வழிகாட்டி நூல் சொன்னால், அது எந்த ஏழு என்று கேட்கவேண்டும். அந்த மரம் வானவில் யூகலிப்டஸ். பட்டை உரியும்போது பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று நிறம் நிறமாகத் தெரியும். முதல் ஏழாம் மைலில் அதைத் தேடுகிறவர்களுக்குக் கடற்கரை ஊரான பாயியாதான் கிடைக்கும். அங்கே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். ஹானா வரை இனி பங்க் இல்லை என்பதால் அதுவும் நல்லதற்குத்தான்.

காருக்குள் யாருக்கு என்ன காட்சி என்பது வடிவியல் விதிப்படி அமைகிறது. போகும்போது மலை வலப்புறம், கடல் இடப்புறம். பெரும்பாலான அருவிகள் மலைப் பக்கம், அதாவது முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் ஜன்னலோரம். திரும்பி வரும்போது திசை மாறுவதால் வலப்புறம் கடல் வருகிறது; அலையும் பாறையும் மீண்டும் அதே ஜன்னலுக்கே போய்ச் சேர்கின்றன. இரு வழியிலும் ஓட்டுபவரின் பக்கம் அமைவது மஞ்சள் நிற நடுக்கோடு. ஒற்றை வழிப் பாலங்களில் அதுவும் இருக்காது.

தமிழ்க் குடும்பமானால் முன் சீட்டிலிருந்து இரண்டு உத்தரவுகள் இரண்டு விநாடி இடைவெளியில் வரும். முதலாவது, "அங்க பாருங்க, எவ்ளோ பெரிய அருவி!" இரண்டாவது, "ஐயோ, ரோட்டப் பாத்து ஓட்டுங்க!" பின் சீட்டில் மாமனார் மாமியார் இருந்தால் மூன்றாவது உத்தரவு உண்டு: "மாப்ள, கொஞ்சம் மெதுவா." அப்போது கார் மணிக்கு பதினைந்து மைலில் போய்க்கொண்டிருக்கும். சாலையின் பெரும்பகுதியில் வேக வரம்பே 25 மைல்தான்.

ஓட்டுபவருக்கு இயற்கை ஒரே ஒரு சலுகை தந்திருக்கிறது. காதின் உட்பகுதி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்பே தெரிவதால் அவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். மொபைலைக் குனிந்து பார்த்துக்கொண்டே அடுத்த அருவியைத் தேடுபவர்தான் முதலில் சிக்குவார். இஞ்சி மரப்பா, எலுமிச்சை, பாலிதீன் பை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பலரும் மறந்துவிட்டு டிக்கியில் வைப்பது மூன்றாவதைத்தான்.

ஒற்றை வழிப் பாலங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எதிர்ப்பக்கம் முதலில் வந்தவருக்கு வழி விடவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து ஐந்தாறு வண்டிகள் வரிசையாகப் போனபின் மறுபக்கத்தின் முறை. வழி விட்டவருக்குக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டி, கையை ஆட்டி நன்றி சொல்வார்கள். ஹாரன் அடிப்பது அநாகரிகம். ஹாரன் அடிக்காமல் பாலத்தைக் கடப்பது இந்திய ஓட்டுநருக்கு முதலில் மூச்சுப் பிடித்து நீந்துவது போல இருக்கும். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஓரங்கட்டி வழி விடுவதும் முறை. சுற்றுலாப் பயணிக்கு இது வாழ்நாள் அனுபவம். உள்ளூர்க்காரருக்கு இது வேலைக்கும் மளிகைக்கும் போகிற வழி. கண்ட இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுத்தால் அபராதச் சீட்டு வரும்.

நிற்கத் தக்க இடங்களில் முக்கியமானது கேயானாயே. எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்து உண்டான சிறு தீபகற்பம். தண்ணீர் நின்ற பாத்திகளில் இதய வடிவ இலைகள் வரிசையாக நிற்கும். ஹவாய்க்காரர்களின் பரம்பரை உணவுப் பயிரான அது வேறொன்றுமல்ல, நம் சேம்பு. கிழங்கை வேகவைத்து இடித்து, கூழாக்கிச் சாப்பிடுகிறார்கள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் விமானத்தில் வந்தவர் அங்கே நின்று சேப்பங்கிழங்கைப் படம் எடுக்கிறார். பக்கத்தில் எரிமலைக் கல்லால் கட்டிய பழைய தேவாலயம் இருக்கிறது. 1946 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த சுனாமியில் சுற்றியிருந்த வீடுகள் போக, அது மட்டும் நின்றது. இந்த வழியில் வாழைப்பழ பிரெட்டுக்கும் பெயர் உண்டு. சுடச்சுடக் கொடுப்பார்கள், தாளைப் பிரித்தால் ஆவி வரும். ஓட்டுபவருக்கு ஒரு கை ஸ்டீயரிங்கில் இருப்பதால், ஓரத் துண்டு வாயில் ஊட்டப்படும். ஆளில்லாத பழக்கடைகளும் வழியெங்கும் உண்டு. விலை எழுதியிருக்கும்; பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொள்ளலாம். சில்லறை கிடைக்காது என்பதால் இரண்டு டாலர் வாழைப்பழத்துக்கு இருபது டாலர் நோட்டைப் போட்டு நேர்மையை நிரூபித்தவர்கள் பலர்.

சாலையில் அடிக்கடி குறுக்கே ஓடுவது கீரிப்பிள்ளை. இதன் முன்னோர்கள் இந்தியாவிலிருந்து ஜமைக்கா போய், அங்கிருந்து 1883இல் கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டவை. எலி ராத்திரி வேலைக்காரன்; கீரி பகல் வேலைக்காரன். இரண்டும் சந்தித்துக்கொள்ள வாய்ப்புக் குறைவாக இருந்ததால், கீரிகள் பறவை முட்டைகளின் பக்கம் திரும்பின. கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்பார்கள். அந்தக் கணக்கில் ஹானா சாலையை விட அதிர்ஷ்டமான சாலை உலகில் இருக்க முடியாது.

ஹானாவுக்குச் சற்று முன்னால் வயானாபனாபா மாநிலப் பூங்கா. கறுப்பு மணல் கடற்கரை, கடல் குகைகள், கண்ணாடி போன்ற சுனைகள். 2021 முதல் ஹவாய்க்கு வெளியிலிருந்து வருபவர்கள் நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுகிறார்கள். நினைத்த இடத்தில் நினைத்த நேரம் நிற்பதே இந்தப் பயணத்தின் பெருமை. ஆனால் பத்து மணிக்குப் பதிவு செய்தவர், வழியில் எங்கும் நிற்காமல், அருவிகளுக்கெல்லாம் கையசைத்துவிட்டு, வாசலில் வந்து நேரத்துக்கு நிற்கிறார்.

ஹானாவில் சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். ஒரு விரிகுடா, ஒரு பள்ளிக்கூடம், 1910இலிருந்து நடக்கும் ஒரு பலசரக்குக் கடை, பச்சைப் புல்வெளியில் மாடுகள். கார் மெல்ல ஊரைக் கடந்ததும் பின் சீட்டிலிருந்து "ஹானா எப்ப வரும்?" என்ற கேள்வி எழும். வந்துவிட்டது, போயும்விட்டது. ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் ஊரைப் பெரிதாக விளம்பரம் செய்ததில்லை. ஊருக்கு வரும் வழிதான் புகழ் பெற்றது.

ஊரைத் தாண்டி 16 கிலோமீட்டர் போனால் ஹலேயாகலா தேசியப் பூங்காவின் கிபாஹுலு பகுதி. அங்கே ஒஹேயோ ஓடை படிப்படியாகக் குளங்களாக இறங்கிக் கடலில் சேர்கிறது. ஏழு புனிதக் குளங்கள் என்று விளம்பரப் பெயர் உண்டு. குளங்கள் ஏழுக்கும் அதிகம், புனிதம் என்பது பயணிகளுக்காகச் சேர்த்தது. அதற்கும் சற்று அப்பால், ஒரு சிறு தேவாலயத்தின் பின்புறம் சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கல்லறை. 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாளாக, நிற்காமல் முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தவர். 1974இல் இங்கேதான் இறந்தார். அவர் விமானத்தில் முன்பக்கம் பெட்ரோல் டேங்க் மறைத்ததால் எதிரே பார்க்கக் கண்ணாடி கிடையாது. பக்கவாட்டு ஜன்னல்களும் ஒரு பெரிஸ்கோப்பும்தான். ஹானா சாலையில் ஓட்டுபவருக்கு நேர்மாறு: எதிரே மட்டும் பார்க்கலாம், பக்கவாட்டில் பார்க்கக் கூடாது.

இதற்கு அப்புறம் தீவைச் சுற்றித் தெற்கு வழியாகவும் திரும்பலாம். அந்தச் சாலை சில இடங்களில் தார் இல்லாமல், மிகக் குறுகலாக இருக்கும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் அங்கே போகக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆகவே பெரும்பாலோர் வந்த வழியே திரும்புகிறார்கள். வளைவுக் கணக்கு 1,240 ஆகிறது. மாலை வெயில் நேராக ஓட்டுபவரின் கண்ணில் அடிக்கிறது. மற்றவர்கள் தூங்குகிறார்கள்.

பரிகாரங்கள் மூன்று சொல்லப்படுகின்றன. ஹானாவில் ஓர் இரவு தங்கினால் வளைவுகளை இரண்டு நாளைக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம்; செலவு கூடும். சுற்றுலா வேனில் போகலாம். ஓட்டுபவர் உள்ளூர்க்காரர், வளைவுகள் அவருக்கு மனப்பாடம். மூன்றாவது, கூடுதல் ஓட்டுநருக்கான கட்டணத்தைக் கட்டி, திரும்பும்போது இன்னொருவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பது. இந்த மூன்றாவது முறையில்தான் காலையில் ஓட்டியவருக்கு ஒருவழியாக ஜன்னலோர இருக்கை கிடைக்கிறது. ஆனால் அவர் கடலைப் பார்ப்பதில்லை. கண்ணை நடுக்கோட்டிலேயே வைத்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்தபடி, "மெதுவா, மெதுவா, எதிர்ல பாலம்" என்று கஹுலுயி வரை சொல்லிக்கொண்டே வருகிறார்.